குடிக்கு மருந்து உண்டு. காதலுக்கு எதற்கு மருந்து?

பெண்ணை விரும்பும் இளம்பெண்கள் படும் பாடு
போதை இல்லத்தில் பூட்டினால் தீருமா?
ஐகோர்ட்டு சொன்னது என்ன?

(நமது நிருபர்)

"கல்லூரி மாணவி மாயம்!"

மாலைப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு புதிதல்ல. பஸ்சிலோ மின்சார ரெயிலிலோ உட்கார்ந்தபடி நாலு வரி படிப்போம். "எவனோடயாவது ஓடியிருப்பா" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். அடுத்த செய்திக்குப் போய் விடுவோம்.

எல்லாக் கேசிலும் "எவனோ" இருப்பதில்லை. சில கேசுகளில் அந்தப் பெண்ணோடு போனதும் இன்னொரு பெண் தான்!

2021-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டுக்கு வந்த வழக்கு அப்படிப்பட்டது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள். ஒருவருக்கு வயது 22. மற்றவருக்கு 20. ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் கடும் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்கு வந்து, தொண்டு நிறுவனத்தார் உதவியோடு தங்கினார்கள்.

இரண்டு வீட்டாரும் போலீசுக்குப் போனார்கள். "பெண்ணைக் காணவில்லை" என்று தனித்தனியாக இரண்டு வழக்கு பதிவானது. போலீசார் தேடி வந்து விசாரித்தார்கள். பயந்து போன பெண்கள், பாதுகாப்பு கேட்டு ஐகோர்ட்டுப் படி ஏறினார்கள்.

பாடம் படித்த நீதிபதி

வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். எடுத்த எடுப்பில் அவர் தீர்ப்பு சொல்லி விடவில்லை. அந்தப் பெண்களிடமும் பெற்றோரிடமும் தன் அறையில் பேசினார். எல்லோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

அதோடு நிற்கவில்லை. "இந்த விஷயம் எனக்கே சரியாகத் தெரியாது. நான் முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொன்னார். தாமே அந்த ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்! ஐகோர்ட்டு நீதிபதி ஒருவர் இப்படிச் செய்வது அபூர்வம்.

2021 ஜூன் 7-ந்தேதி உத்தரவு வந்தது. "காணாமல் போனவர் வயது வந்தவர், தன் இஷ்டப்படி தான் போயிருக்கிறார் என்று தெரிந்தால் போலீசார் வாக்குமூலம் வாங்கிக் கொண்டு வழக்கை முடிக்க வேண்டும். தொல்லை தரக் கூடாது" என்று நீதிபதி சொன்னார். "மருந்து கொடுத்து மனதை மாற்றுகிறேன் என்று எந்த டாக்டரும் கிளம்பக் கூடாது" என்றும் தடை போட்டார்.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக, தமிழக போலீசாரின் நடத்தை விதிகளில் 2022-ல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தும் போலீசார் மீது நடவடிக்கை வரும் என்பது அந்த விதி. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும், "மாற்று சிகிச்சை" கொடுப்பது டாக்டர் தொழிலுக்கே ஒவ்வாத குற்றம் என்று அறிவித்தது.

எல்லாம் சரி, இதில் குடி எங்கே வந்தது?

"போதைக்கு அடிமை"

வந்த கதை இது தான். வீட்டுப் பெண் இன்னொரு பெண்ணை விரும்புகிறாள் என்று தெரிந்ததும், பல வீடுகளில் முதலில் கிளம்பும் வார்த்தை: "கெட்ட சகவாசம்." அடுத்த வார்த்தை: "போதைப் பழக்கம்."

2025 மே மாதம் சென்னை ஐகோர்ட்டில் ஓர் ஆட்கொணர்வு மனு. 25 வயதுப் பெண்ணை அவரது குடும்பத்தார் வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி வழக்குப் போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் விசாரித்தார்கள். தாய் சொன்ன குற்றச்சாட்டு என்ன தெரியுமா? மகள் வழி தவறிப் போய் விட்டாள், போதைக்கு ஆளாகி விட்டாள், ஆலோசனையும் மறுவாழ்வு சிகிச்சையும் வேண்டும் என்பது தான்!

நீதிபதிகள் அந்தப் பெண்ணிடம் நேரிலேயே பேசினார்கள். அவர் தெளிவாகப் பதில் சொன்னார். போதை என்று பழி போடுவது நியாயம் இல்லை என்று நீதிபதிகள் கூறி விட்டார்கள். அவர் விரும்பிய தோழியுடன் போகலாம் என்று உத்தரவானது. கல்யாணம் ஒன்றினால் மட்டும் தான் குடும்பம் உண்டாகும் என்பதில்லை என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இன்னொரு சம்பவம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. கேரளாவில் ஒரு கல்லூரி மாணவி. ஆணையும் பிடிக்கும், பெண்ணையும் பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னவர். வீட்டார் தன்னைப் பலவந்தமாகப் போதை மீட்பு மையத்தில் சேர்த்து, கடுமையான மருந்துகளைச் செலுத்தினார்கள் என்று 2020 மார்ச் மாதம் ஒரு வீடியோவில் பேசினார். அதே ஆண்டு மே மாதம் அவர் உயிரோடு இல்லை. 21 வயது.

இந்த இரண்டு சம்பவங்களும் ஒரே விஷயத்தைக் காட்டுகின்றன. பெண்ணின் விருப்பத்தையும் போதையையும் வீட்டார் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஒன்று சிகிச்சை தேவைப்படும் நோய். மற்றது நோயே இல்லை.

நோய் இல்லை என்பது நிருபரின் சொந்தக் கருத்து அல்ல. அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் 1973-லேயே இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்து விட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் எடுத்தது. இந்திய மனநல டாக்டர்கள் சங்கமும் 2018-ல் இது நோய் அல்ல என்று அறிக்கை விட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றம் அல்ல என்று தீர்ப்பளித்தது.

நிஜமாகவே குடிக்கிறவர்கள்?

பொய்ப் பழி ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமாகவே குடியில் மாட்டிக் கொள்ளும் இளம்பெண்களும் இருக்கிறார்கள். அதை மூடி மறைப்பதில் லாபம் இல்லை.

நம் ஊரில் பொதுவாகவே பெண்கள் குடிப்பது குறைவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 18.8 பேர் குடிக்கிறார்கள். பெண்களில் 1.3 பேர் தான். ஆகவே இங்கே குடிக்கும் பெண் எல்லோருக்கும் ஒளிந்து தான் குடிக்க வேண்டும். டாஸ்மாக் கடை முன்னால் ஒரு பெண் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்குமே!

குடிக்கும் பெண்களிலும் பெண்ணை விரும்புகிறவர்களைத் தனியாகப் பிரித்து நீண்ட காலமாகக் கணக்கெடுத்து வருகிற நாடு அமெரிக்கா. ஆகவே கணக்கைப் பார்க்க அங்கே தான் போக வேண்டும்.

அங்கே 1996-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. நர்சுகளின் பிள்ளைகள் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 9 வயது முதல் 14 வயதுக்குள் சேர்த்து, ஆண்டுக் கணக்கில் கேள்வித்தாள் அனுப்பிக் கொண்டே வந்தார்கள். தன் இனத்தையே விரும்பும் பிள்ளைகள் மற்றவர்களை விடச் சின்ன வயதிலேயே குடிக்கத் தொடங்குகிறார்கள் என்று தெரிய வந்தது. இந்த வித்தியாசம் பையன்களை விடப் பெண்பிள்ளைகளிடம் தான் அதிகம்!

2008-ல் 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குடி, சிகரெட், போதைப் பொருள் ஆகியவற்றில் சிக்கும் வாய்ப்பு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மற்றவர்களை விட 190 சதவீதம் அதிகம் என்று வந்தது. பெண்பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 400 சதவீதம். ஆணையும் பெண்ணையும் விரும்புகிறவர்கள் கணக்கும் மிக மோசம்: 340 சதவீதம். "நீ இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று இரண்டு தரப்பும் அவர்களை ஒதுக்குவது ஒரு காரணம் என்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் குடிக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குடியே தொடாதவர்கள் ஏராளம். ஆபத்து யாருக்கு அதிகம் என்பதைத் தான் கணக்கு சொல்கிறது.

ஏன் குடிக்கிறார்கள்?

பெண்ணை விரும்புகிற ரத்தத்தில் குடியும் சேர்ந்தே ஊறியிருக்கிறதா? கிடையாது. இலான் மேயர் என்ற ஆராய்ச்சியாளர் 2003-ல் இதை விளக்கி எழுதினார். சுருக்கம் இது தான்: எல்லோருக்கும் இருக்கிற கவலை இவர்களுக்கும் உண்டு. பரீட்சைக் கவலை, வேலைக் கவலை, பணக் கவலை. அதற்கு மேல் ஒரு மூட்டை இவர்கள் தலையில் ஏறுகிறது. கேலி, அடி, வீட்டை விட்டுத் துரத்தல் ஒரு வகைச் சுமை. யாராவது கண்டுபிடித்து விடுவார்களோ என்று தினமும் நடுங்குவது இன்னொரு சுமை. ஊர் திட்டுவதை நம்பி, "நான் கேடு கெட்டவள்" என்று தன்னைத் தானே வெறுப்பது எல்லாவற்றிலும் கொடிய சுமை.

நினைத்துப் பாருங்கள். ஆபீசில் மத்தியான சாப்பாட்டு நேரம். "எப்போ கல்யாணச் சாப்பாடு போடப் போற?" என்று கேட்கிறார்கள். அவள் சிரித்து மழுப்ப வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள். தலை குனிந்து காபி கொடுக்க வேண்டும். தோழியோடு மனஸ்தாபம். அழக் கூட முடியாது; ஏன் அழுகிறாய் என்று கேட்டால் பதில் இல்லை. காலையில் இருந்து ராத்திரி வரை நாடகம்!

அந்த நாடகத்தின் களைப்புக்கு ஒரு டம்ளர் மது மருந்து போலத் தெரிகிறது. அங்கே தான் வினை ஆரம்பம்.

நான் யார் என்று தனக்கே தெளிவாகாத வயதில் இந்தச் சுமை இன்னும் கனக்கும். பதினெட்டு, இருபது வயசு. கேட்டுத் தெளிய ஆள் இல்லை. அக்காவிடம் சொன்னால் அம்மாவுக்குப் போய் விடும் என்ற பயம்.

அமெரிக்காவில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு காலத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்க மதுக்கடையை விட்டால் வேறு இடம் கிடையாது. அங்கேயும் போலீஸ் ரெய்டு வரும். 1969 ஜூன் 28-ந்தேதி நியூயார்க் நகரில் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் நடந்த ரெய்டை எதிர்த்து மூண்ட கலவரம் தான், இவர்களின் உரிமைப் போராட்டத்தையே பெரிதாக்கியது. போகிற ஒரே இடம் மதுக்கடை என்றால் குடி பழகாமல் என்ன செய்யும்?

மருந்தே விஷமாகும்

மது உள்ளே போனதும் மனசு லேசாவது போலத் தோன்றும். அது சில மணி நேரத்துக்குத் தான். போதை இறங்கும் போது, அடங்கியிருந்த படபடப்பு இரட்டிப்பாகத் திரும்பும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும். பிறகு தூக்கம் வராது. தூக்கம் கெட்டால் மனச்சோர்வு கூடும். சோர்வு கூடினால் மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும். செக்குமாடு சுற்றுகிற மாதிரி தான்.

பெண் உடம்புக்கு இன்னொரு ஆபத்து. ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மது அதிகமாக ஏறும். பெண் உடம்பில் தண்ணீர்ச் சத்து குறைவு என்பது முக்கிய காரணம். ஈரலும் சீக்கிரமே கெடும்.

தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினாலும் ஆபத்து தான். கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே உலை வைத்து விடும். அறையில் போட்டுப் பூட்டி, "ரெண்டு நாள் கத்தட்டும், சரியாயிடும்" என்பவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் மேற்பார்வையில் தான் நிறுத்த வேண்டும்.

வீடு தான் மருந்து

குடிக்கும் மனநோவுக்கும் நடுவே நிற்பது எது என்று தேடினால், வந்து நிற்பது அவரவர் வீட்டு வாசல் தான்!

சான்பிரான்சிஸ்கோ நகரில் கெயிட்லின் ரயான் என்ற பெண்மணி நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. 21 முதல் 25 வயது வரை உள்ள 224 பேரை விசாரித்தார்கள். எல்லோரும் தன் இனத்தையோ இரு பாலரையுமோ விரும்புகிறவர்கள். சிறு வயதில் வீட்டார் கடுமையாக ஒதுக்கியவர்கள், அப்படி ஒதுக்கப்படாதவர்களை விட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். கடும் மனச்சோர்வு 5.9 மடங்கு. போதைப் பொருள் பழக்கம் 3.4 மடங்கு.

பிள்ளைகள் ஒரே ரகம். ஊரும் ஒன்று. வித்தியாசம் வீட்டில் தான்!

நாட்டுச் சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2004, 2005-ல் அமெரிக்காவின் சில மாநிலங்கள், ஒரே இனத்தவர் கல்யாணத்துக்குத் தடை போட்டன. தடைக்கு முன்னும் பின்னும் அங்கே இருந்த இப்படிப்பட்ட ஆண் பெண்களைக் கணக்கெடுத்திருந்தார்கள். தடைக்குப் பிறகு குடிநோய் ஏறத்தாழ 42 சதவீதம் கூடியிருந்தது என்று 2010-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தடை போடாத மாநிலங்களில் அப்படி ஏறவில்லை. இந்தியாவில் இப்படிப்பட்டவர்கள் கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. 2023 அக்டோபர் 17-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை உரிமையாகத் தர மறுத்து, பார்லிமெண்டு பார்த்துக் கொள்ளட்டும் என்று சொல்லி விட்டது.

பெற்றோர் கவனத்துக்கு

"எங்க கஷ்டம் உனக்குத் தெரியுமா? சொந்தக்காரன் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று பெற்றவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி தான். 2021 வழக்கில் பெற்றோர் மனம் உடனே மாறி விடவில்லை. அவர்களுக்கும் ஆலோசகர் தேவைப்பட்டார், அவகாசம் தேவைப்பட்டது. நீதிபதி அந்த அவகாசத்தைக் கொடுத்தார். ஒரே நாளில் ஏற்றுக் கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அடிக்காதீர்கள், பூட்டாதீர்கள், அவசரக் கல்யாணம் முடிக்காதீர்கள். அது போதும், முதல் படிக்கு.

மகள் குடிக்கிறாள் என்று தெரிந்தால், குடிக்கு மட்டும் டாக்டரைப் பாருங்கள். "இவளோட அந்த நினைப்பையும் சேர்த்து மாத்தி விடுங்க" என்று கேட்காதீர்கள். மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் டாக்டராக இருந்தால், அவர் மீது மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

2017-ம் ஆண்டு மனநலச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. ஊர் வழக்கத்துக்கு ஒத்து வரவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். மது, போதை சம்பந்தமான மனநலக் கோளாறும் அதே சட்டத்துக்குள் வருகிறது. ஆகவே ஓர் இல்லத்தில் சேர்க்கும் முன், முறைப்படி பதிவு பெற்ற இடமா, மனநல டாக்டர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியில் போதை மீட்பு சிகிச்சை உண்டு. அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. ஆஸ்பத்திரி குடிநோய்க்கென்றே பெயர் எடுத்தது.

உயிரை மாய்த்துக் கொள்ள முயன்றால் போலீஸ் கேசாகி விடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் வீடுகள் இன்னும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். அப்படி முயன்றவருக்குத் தண்டனை தந்த பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் கிடையாது. சிகிச்சை தான் முதல் வேலை.

மனசு தாங்காத பெண்ணும் சரி, என்ன செய்வதென்று தெரியாத தாய் தகப்பனும் சரி, 14416 என்ற நம்பருக்குப் போன் போடலாம். அரசாங்கத்தின் "டெலி மானஸ்" சேவை இது. 24 மணி நேரமும் உண்டு. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் மகள் அறையில் விளக்கு எரிகிறதா? கதவைத் தட்டுங்கள். "என்னம்மா, தூங்கலையா?" என்று மட்டும் கேளுங்கள். அவள் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள்.